தினமும் போடுங்கள், வருமானத்துக்கு நாங்கள் பொறுப்பு என்பவர்களிடம் சேனலைக் கொடுத்துவிடாதீர்கள்

கன்டென்ட் போடக் கற்றுத் தருகிறோம், சேனலை வளர்த்துத் தருகிறோம், மூன்று மாதத்தில் வருமானம் வரவில்லை என்றால் கட்டிய பணத்தை முழுசாகத் திருப்பித் தருகிறோம் என்று சொன்ன ஒரு பயிற்சித் திட்டத்தில் நான் ஏமாற்றப்பட்டேன். அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. இதே முறையில் இன்னும் பலர் நடத்துகிறார்கள். ஒரு பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன். வரைகிறவர், தைக்கிறவர், பாடம் எடுக்கிறவர், எழுதுகிறவர் யாராக இருந்தாலும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் நீர்வண்ண ஓவியம் வரைகிறேன், டேப்லெட்டிலும் வரைவேன். வரைவதைத் தொடர்ந்து வீடியோவாகப் போட்டு, விரும்பிப் பார்க்கிறவர்களுக்கு டிசைன் கோப்புகளும் தொடக்கநிலை வகுப்புகளும் விற்க வேண்டும் என்பது என் எண்ணம். நிறையப் பேர் இப்படித்தான் தொழிலை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீடியோ எடுப்பது, எடிட் செய்வது, பார்க்கிறவர் பாதியில் போய்விடாதபடி பேசுவது, இதில்தான் எனக்கு உதவி தேவைப்பட்டது. அப்போதுதான் இலவச வெபினார் (இணையவழி வகுப்பு) ஒன்றின் விளம்பரம் வந்தது.

வெபினாரின் பெரும்பகுதி வருமான ஸ்கிரீன்ஷாட்டுகள். முன்னாள் மாணவர்கள் என்று சிலர் வந்து தங்கள் வாழ்க்கை மாறிய கதையைச் சொன்னார்கள். கடைசியில் சலுகை விலை, அதன் அருகே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள்: அதே பக்கத்தை வேறு பிரவுசரில் திறங்கள். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடினால் அந்தக் கடைசி நேரம் பொய் என்று அர்த்தம். நான் சேர்ந்த திட்டத்தின் பக்கத்தில் இன்றைக்கும் அந்தக் கடிகாரம் அப்படித்தான் ஓடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த வருமானம் எங்கிருந்து வந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. வந்து பேசியவர்களில் சிலர் இதே பயிற்சிக்கு ஆள் சேர்த்து கமிஷன் வாங்குகிறவர்கள். அவர்கள் காட்டியது அந்தக் கமிஷன் பணம். கமிஷன் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

சரி, பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதத்துக்கு வருகிறேன். இந்த ஏமாற்றின் மையமே அதுதான்.

விதிமுறைகள் பணம் கட்டிய பிறகு ஒரு லிங்க்காக வந்தன. உத்தரவாதம் செல்லுபடியாக வேண்டும் என்றால் தினமும் ஒரு பதிவு போட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தொடர்ந்து செய்தால்தானே எதுவும் கைவரும்? ஆனால் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு பதிவும் அவர்கள் குழு பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியாக வேண்டும். நான் காலையில் அனுப்பிய வீடியோவுக்கு ஒப்புதல் நள்ளிரவு தாண்டி வந்த நாட்கள் உண்டு. அப்படி வந்தால் அது அடுத்த நாள் கணக்கு. முதல் தடவை கேட்டபோது, "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் மேடம், கணக்கில் எடுக்க மாட்டோம்" என்றார்கள். ரீஃபண்ட் கேட்டபோது எடுத்து நீட்டியது அந்த நாட்களைத்தான். நாள் தவறுவதும் தவறாததும் அவர்கள் கையில், தவறினால் இழப்பு மட்டும் என் தலையில். உத்தரவாதத்தை எழுதும்போதே இதைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது வேறு. கற்றுத் தருவதாகச் சொன்ன எதையும் அவர்கள் கற்றுத் தரவில்லை. எடிட்டிங் சொல்லித் தரும் வகுப்பு ஆரம்பத்திலேயே நின்றுபோனது. "நீங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம், வரைவதை மட்டும் எடுத்து அனுப்புங்கள், மீதியை எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். பேச வேண்டிய வரிகள்கூடத் தயாராக வந்தன. அரை மணி நேரம் ஈரத்தோடு ஈரம் சேர்த்து ஒரு மேகத்தைக் கொண்டுவந்திருப்பேன். பார்க்கிறவருக்குப் பாடம் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது: காகிதம் எவ்வளவு ஈரமாக இருக்கும்போது தூரிகையை வைக்கிறோம், நிறம் தானாகப் பரவும்போது எப்போது கையை எடுத்துவிடுகிறோம் என்பது. அதையெல்லாம் வெட்டிவிட்டு, பெயின்ட் டியூபைப் பிதுக்குவதையும் டேப்பை உரிப்பதையும் மட்டும் ஒட்டி, மேலே "இந்த மூன்று தவறுகளைச் செய்யாதீர்கள்" என்று எழுதிப் போட்டார்கள். வீடியோவில் தவறு என்று ஒன்றுகூட வரவில்லை.

இதே திட்டத்தில் இருந்த வேறொருவர் சமையல் வீடியோ போடுகிறவர். தற்செயலாக அவருடைய சேனலைப் பார்த்தேன். அதே மூன்று தவறுகள், அதே சிவப்பு அம்புக்குறி, அதே முதல் வரி. வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் முகம் மட்டும்தான் வேறு. எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட்டைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் வீடியோக்களுக்கு யூடியூப் விளம்பர வருமானம் தருவதில்லை. 2025 ஜூலையில் அந்த விதிக்கு உண்மைத்தன்மையற்ற உள்ளடக்கம் என்று புதுப் பெயரும் வைத்துத் தெளிவுபடுத்தினார்கள். வருமானம் வாங்கித் தருகிறோம் என்றவர்கள், வருமானத்துக்குத் தகுதியில்லாமல் போகும் வேலையைத்தான் என் பெயரில் செய்துகொண்டிருந்தார்கள்.

தொடர்ந்து போடுவதால் திறமை வளரும் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் போட்டதைத் திரும்பப் பார்த்து, எந்த இடத்தில் ஆட்கள் விலகிப் போனார்கள், ஏன் போனார்கள் என்று யோசித்து, அடுத்ததில் அதைச் சரிசெய்யும்போதுதான் வளரும். சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது, எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும். வீடியோ போடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் குறைவு. அந்த வரைபடத்தை அவர்கள் ஒருநாளும் எனக்குக் காட்டவில்லை. வாரக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும், அதில் மேலே ஏறும் ஒரு கோடு இருக்கும். அவ்வளவுதான்.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூடியூபின் பார்ட்னர் திட்டத்தில் சேர்ந்து விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பொதுப் பார்வை நேரமாவது, கடைசி 90 நாளில் ஷார்ட்ஸ் எனும் குறும் வீடியோக்களில் 1 கோடி வியூஸாவது இருக்க வேண்டும். ஒருநாள் "வாழ்த்துகள், 4,000 தாண்டிவிட்டோம்" என்று ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆனால் விண்ணப்பம் போகவே இல்லை. ஏன் என்று கேட்டால் யூடியூப் சைடில் தாமதம் என்றார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஸ்டுடியோவுக்குள் போக அனுமதி கிடைத்தது. பார்வைக் கணக்குகளைக் காட்டும் அனலிட்டிக்ஸ் பக்கத்தில் மணி நேரம் நிறையத்தான் இருந்தது. வருமானத் தகுதியைக் காட்டும் பக்கத்தில் அதில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற இடத்தைத் திறந்ததும் காரணம் புரிந்தது. பெரும்பங்கு யூடியூப் விளம்பரம் வழியாக வந்தது. காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிய வீடியோவின் பார்வை நேரம் அனலிட்டிக்ஸில் தெரியும், ஆனால் அந்த 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கும் நேரமும் சேராது. நான் கட்டிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து விளம்பரம் ஓட்டி, ஏறும் கோட்டை எனக்கே காட்டியிருக்கிறார்கள்.

சப்ஸ்கிரைபர் விஷயம் இன்னும் மோசம். நான் பேசும் மொழியே தெரியாத நாடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஒரே நாளில் சேர்ந்திருந்தார்கள், பிறகு ஒருவர்கூட ஒரு வீடியோவும் பார்க்கவில்லை. அடுத்து எந்தப் பாடம் வேண்டும் என்று ஒரு கேள்வி போட்டேன், ஒரு பதிலும் இல்லை. இப்படி விலைக்கு வாங்கிய எண்ணிக்கையை யூடியூப் கண்டுபிடித்தால் நீக்கிவிடும், சேனலையே மூடவும் கூடும். அமெரிக்காவில் எஃப்டிசி எனும் வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியின்படி, தொழில் நோக்கத்துக்காகப் போலி ஃபாலோயர்களையும் வியூஸையும் விற்பதும் தெரிந்தே வாங்குவதும் அபராதத்துக்குரிய விதிமீறல். வாங்கியது அவர்கள்தான் என்றாலும் சேனலில் இருப்பது என் பெயரும் என் முகமும்.

விலகுகிறேன் என்று சொன்னபோதுதான் அடுத்த அடி விழுந்தது. சேனல் அவர்களுடைய கூகுள் கணக்கில் தொடங்கப்பட்டிருந்தது. "செட்டப் எல்லாம் நாங்களே செய்து தருகிறோம்" என்று ஆரம்பத்தில் சொன்னதன் பொருள் இதுதான். எனக்குத் தந்திருந்தது எடிட்டர் அளவிலான அனுமதி மட்டும், அதுவும் வருமான விவரம் தெரியாத வகை. உரிமையை மாற்றித் தர தனிக் கட்டணம் கேட்டார்கள். இணையதள முகவரியும் அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. இலவச டிசைன் கோப்பு வாங்கியவர்கள் தந்த மின்னஞ்சல் பட்டியலும் அவர்கள் கணக்கில்தான் இருந்தது. அந்தப் பட்டியலை இழந்தது இப்போதும் வலிக்கிறது. விளம்பரம் வழியாக வராமல், என் படத்தைப் பார்த்துப் பிடித்துப் போய் வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

யாரிடம் உதவி வாங்கினாலும் சேனலை உங்கள் கணக்கில் நீங்களே தொடங்குங்கள். உதவுகிறவருக்கு ஸ்டுடியோவின் பர்மிஷன்ஸ் பகுதியில் எடிட்டர் அனுமதி கொடுத்தால் வீடியோ ஏற்றுவது முதல் வழக்கமான வேலையெல்லாம் நடக்கும், பாஸ்வேர்டு கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மற்றபடி நல்ல பயிற்சியாளர் யார் என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: "நான் செய்த ஒரு வீடியோவைப் பார்த்து எது சரியில்லை என்று சொல்வீர்களா?" வேலை தெரிந்தவர் உட்கார்ந்து பார்ப்பார், இரண்டு இடத்தையாவது சுட்டிக்காட்டுவார். இவர்கள் என் ஓவியத்தைப் பற்றி இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரீஃபண்ட் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "சிஸ்டம் எல்லாருக்கும் வேலை செய்யுது மேடம், உங்க கன்சிஸ்டென்சிதான் பத்தலை." பயிற்சியில் சேர்ந்தவர்கள் இருந்த குழுவில் இதைப் பற்றி எழுதினேன், செய்தியை நீக்கிவிட்டு என்னையும் நீக்கினார்கள். அந்த வார்த்தையை நம்பித் தங்களையே நொந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். குழுவில் இருந்த பலர் வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ராத்திரி உட்கார்ந்து வீடியோ எடுத்தவர்கள். அவர்களைப் பார்த்து முயற்சி போதவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நான் புகார் செய்ததும் அவர்கள் விற்பனைப் பக்கத்தில் முழுப் பணம் என்ற சொல் காணாமல் போனது. இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் பதிவாகியிருந்ததால் தப்பித்தேன். அதையும் ஒப்புதல் தாமதமான வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்து வங்கியில் முறையிட்டதில், கார்டில் கட்டிய தவணைகள் திரும்பி வந்தன. தள்ளுபடி தருகிறோம் என்று சொல்லி வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொன்ன முதல் தொகை வரவில்லை. கார்டு பரிவர்த்தனையை மறுத்து முறையிட ஒரு காலக்கெடு உண்டு, பெரும்பாலும் 120 நாள், சில வங்கிகளில் அதைவிடக் குறைவு. மூன்று மாதம் பொறுங்கள், இன்னும் ஒரு மாதம் பாருங்கள் என்று இழுப்பார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடும்.

இப்போது இப்படி ஒரு திட்டத்தில் இருக்கிறவர்கள் விலகுவதாகச் சொல்வதற்கு முன்பே மூலக் காட்சிகள், மின்னஞ்சல் பட்டியல், விற்பனைப் பக்கம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் இறக்கிச் சேமித்துவிடுங்கள். சொன்ன பிறகு எதையும் எடுக்க விடமாட்டார்கள். விதிமுறையில் பதிப்புரிமை பற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பொதுவாக, வரைந்தவருக்கே பதிப்புரிமை. எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலோ சம்பளத்துக்கு வேலை செய்தாலோ அது இன்னொருவருக்குப் போகலாம்.

என் ஓவியங்கள் உள்ள வீடியோக்கள் அந்தச் சேனலில் இன்னும் இருக்கின்றன. பதிப்புரிமை அடிப்படையில் நீக்கச் சொல்லி யூடியூபிடம் கோரிக்கை கொடுத்திருக்கிறேன். பயிற்சி நடத்தியவர்கள் அதை மறுத்து எதிர் அறிவிப்பு அனுப்பினால் 10 வேலை நாட்களுக்குள் நான் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கான ஆதாரம் காட்ட வேண்டும், அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நீங்களும் இதே மாதிரி மாட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள். நுகர்வோர் புகாரைத் தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்ந்து கொடுக்கலாம்.