ஷவர் கண்ணாடியில் டிசைன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீட்டில் ஒரு குளியலறையில் ஆசிட் எட்ச்சிங் செய்த, அதாவது ஒரு பக்கத்தை அமிலத்தால் அரித்து மங்கலாக்கிய கண்ணாடி, இன்னொன்றில் சாதா கண்ணாடியின் மேல் ஃப்ராஸ்டட் (மங்கலான) ஸ்டிக்கர். இரண்டையும் சில வருடங்களாகத் துடைத்துவருகிறேன். கடையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, சொரசொரப்பான பக்கம் எங்கே வருகிறது என்பது. அது வெளியே இருக்கட்டும். உள்ளே வந்தால் சோப்புப் பிசுக்கும் உப்புக்கறையும் அந்த நுண்ணிய குழிகளில் உட்கார்ந்துகொள்ளும், வைப்பர் போட்டாலும் முழுசாகப் போகாது. அதைவிட முக்கியம், ஈரம் பட்டதும் அந்தக் குழிகளில் தண்ணீர் நிரம்பிக் கண்ணாடி தெளிந்துவிடும். மறைப்புக்காகத்தானே ஃப்ராஸ்டட் போடுகிறோம்? சாம்பிள் துண்டை வாங்கி, சொரசொரப்புப் பக்கத்தில் தண்ணீர் தெளித்து, பின்னால் விரலை வைத்துப் பாருங்கள்.

மணல் பீய்ச்சிச் செய்யும் சாண்ட்பிளாஸ்டிங்கில் மேற்பரப்பு இன்னும் கரடுமுரடாக இருக்கும். மேலே சீலர் என்ற காப்புப் பூச்சு பூசாவிட்டால் எண்ணெய்க் கை பட்ட இடம் அப்படியே தெரியும். ஆசிட் எட்ச்சிங் தொட்டால் அதைவிட வழவழப்பு, விரல் அடையாளமும் குறைவு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஸ்டிக்கரை வெளிப்பக்கம் ஒட்டியதால் இன்னும் உழைக்கிறது. ஆனால் தண்ணீர் தேங்கும் அடி ஓரத்தில் லேசாகக் கிளம்பி, அங்கே அழுக்கு கோடாகப் படிந்திருக்கிறது. வாடகை வீட்டுக்கு இது போதும், வேண்டாமென்றால் உரித்துவிடலாம்.

பூ, கோடு என்று டிசைன் வேண்டுமென்றால் செராமிக் பிரிண்ட், அதாவது செராமிக் வண்ணத்தால் கண்ணாடிமேல் அச்சிடுவது நல்லது. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி டஃபன் செய்யும்போதே (உறுதியாக்கும்போதே) அந்த வண்ணமும் உருகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும், உரியாது. ஆனால் அளவு, துளை, டிசைன் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். டஃபன் செய்த கண்ணாடியை அப்புறம் வெட்டவோ துளைக்கவோ முடியாது, சிதறிவிடும்.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் முழுத் தெளிவான கண்ணாடியும் கருப்பு நிறக் கைப்பிடியும் சேர்ந்தால் வேலை இரட்டிப்பு, ஒவ்வொரு சொட்டும் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கறை கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான், தண்ணீர் கலந்த வினிகரில் கரையும். பக்கத்தில் மார்பிள் இருந்தால் மட்டும் அதன்மேல் வினிகர் படவிடாதீர்கள், அரித்துவிடும்.