பாளை மார்க்கெட் பக்கம் பந்து தைக்கிற அண்ணாச்சி கடை: ஐந்துக்கு நாலு

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதையை அப்புறம் பார்ப்போம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமிடம் இருந்ததே உருப்படியான கால்பந்து ஒன்றுதான். அதிலும் காற்று நிற்காமல் போய் இரண்டு மாதம் ஆயிற்று. மலிவாக ஆன்லைனில் வாங்கினால் ஒரு மழைக்குத் தாங்காது, பூசணிக்காய் மாதிரி ஒரு பக்கம் வீங்கிவிடும், அனுபவம். பாளை மார்க்கெட் பக்கம் சந்துக்குள் ஒருவர் பந்து தைக்கிறார் என்றார்கள், போனேன். போர்டு கிடையாது. செருப்புக் கடை என்று நினைத்து நானே இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். வாசலில் வலைக்குள் பத்துப் பதினைந்து பந்து தொங்கும், அதுதான் அடையாளம்.

அண்ணாச்சி பந்தை வாங்கினார், அமுக்கினார், காதோடு வைத்துக் கேட்டார். "தையல்ல ஒண்ணும் இல்ல தம்பி, வால்வு அடியில போகுது." வால்வு ஓரத்துத் தையலைப் பிரித்து, உள்ளே காற்றைப் பிடித்து வைக்கிற பிளாடரை உருவி வாளித் தண்ணீரில் முக்கினால் அவர் சொன்ன இடத்தில்தான் குமிழி. வேறு பிளாடர் போட்டார். அப்புறம் நூலில் தேன்மெழுகைத் தேய்த்து, இரண்டு கையிலும் இரண்டு ஊசி, ஒரே ஓட்டைக்குள் எதிரெதிராக விட்டு ஒரு இழுப்பு. வாய் மூடிக்கொள்கிற மாதிரி தோல் சேர்ந்துகொள்கிறது. கடைசி இரண்டு தையல்தான் வித்தை, ஏனென்றால் முடிச்சு உள்ளே போக வேண்டும், விரல் விட இடமோ கிடையாது. மூக்கை நீட்டிக்கொண்டு பார்த்தேன், இன்னும் புரியவில்லை. கூலி பிளாடரோடு 180 ரூபாய்.

இதெல்லாம் ஒரே நாளில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். "புதன்கிழமை வாங்க" என்றார், எந்தப் புதன் என்று சொல்லவில்லை. மேலப்பாளையத்திலிருந்து மூன்று நடை. உவரி, கூட்டப்புளி என்று கடலோர ஊர்ப் பக்கமிருந்து கோணிப்பையில் பந்து வந்து இறங்கிவிட்டால் நம் பந்து அடியில் போய்விடும், அவர்களுக்கு டோர்னமென்ட் தேதி குறித்தாகிவிட்டதாம். அந்த ஒரு ஸ்டார் இதற்குத்தான்.

மூன்றாவது நடையில்தான் அந்தப் பூட்ஸைப் பார்த்தேன். மேல் தட்டில், இடது கால் மட்டும். எனக்கு முன்னால் நின்ற பையன் ஒருவன், நம்ம ஆட்கள் அந்தக் காலத்தில் பூட்ஸ் வாங்கக் காசில்லாமல் வெறுங்காலில் ஆடினார்களாம், அதனால்தான் 1950 உலகக் கோப்பையில் இந்தியாவைச் சேர்க்கவில்லையாம் என்று அளந்துகொண்டிருந்தான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அண்ணாச்சி பதில் பேசவில்லை. பூட்ஸை எடுத்துத் தூசி தட்டி, "போட்டுத்தான் பாருங்களேன்" என்று என்னிடம் நீட்டினார். "ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் போனவிய திரும்ப வரவே இல்ல, எங்க அப்பா காலத்துல இருந்து கெடக்கு."

கையில் வாங்கியதுமே கை தாழ்ந்தது. கணுக்காலை மூடுகிற உயரம், நுனியில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்த மாதிரி கெட்டித் தோல். அடியில் தரையைப் பிடிக்கிற ஸ்டட் என்பது தோல் வில்லைகளை அடுக்கி ஆணி அடித்தது. உள்ளே காலை வைத்தால் அந்த ஆணி முனை பாதத்தில் நெருடுகிறது. ஒரு பந்தைத் தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் கேட்டது, பந்து காலில் எங்கே பட்டது என்று தெரியவில்லை. "இதப் போட்டுக்கிட்டு பந்த எப்படிக் கொண்டு போவிய?" என்றார். சரிதான்.

வெறுங்கால் என்பது இல்லாமை மட்டும் இல்லை, பழகிய வழி. 1911-இல் கல்கத்தா கிளப் மோகன் பகான், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற போட்டியின் இறுதியில் வெள்ளைக்கார ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று சாய்த்தபோது பதினொருவரில் பத்துப் பேருக்குப் பூட்ஸ் கிடையாது. 1936-இல் முகமது சலீம் ஸ்காட்லாந்துக்குப் போய் அங்குள்ள செல்டிக் கிளப்புக்காகக் காலில் வெறும் கட்டுத்துணியோடு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு ஆடியபோதும் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டும், சாரங்கபாணி ராமன் ஒன்று போட்டுச் சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் ஒன்று வாங்கி 2-1 என்று தோற்றோம். அந்த இரண்டு பெனால்டியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, நான் பிறக்கவே இல்லை அப்போது.

அண்ணாச்சி கணக்கு எளிது: தரை காய்ந்திருந்தால் கால் ஜெயிக்கும், நனைந்தால் பூட்ஸ் ஜெயிக்கும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அது தெரிந்தது, குளிரிலும் ஈரத்திலும் 10-1. (ரஷ்யாவிடம் தோற்றோம் என்று அவர் சொல்கிறார், யூகோஸ்லாவியா. சொன்னேன், ஏற்கவில்லை.) அதற்கு அப்புறம்தான் இங்கே பூட்ஸ் கட்டாயமானது. அப்படியானால் 1950-இல் வெறுங்காலுக்காகத் தடுத்தார்கள் என்ற கதை எங்கே நிற்கும்? பலர் 1952-லும் வெறுங்காலில்தானே ஆடினார்கள். அன்றைக்கு நம் கால்பந்து சம்மேளனம் சொன்ன காரணம் ஆள் தேர்வில் தகராறு, பயிற்சிக்கு நாள் போதாது என்பது. ஒலிம்பிக்தான் எங்களுக்குப் பெரிது என்று 1952 அணியின் கேப்டன் சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பையனுக்கு இது பிடிக்கவில்லை, தடை போட்ட கதையில்தான் சுவாரசியம் இருக்கிறது போல.

பூட்ஸ் மாட்டிய பிறகு நாம் ஒன்றும் மட்டமாக ஆடிவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல், மொத்தத்தில் நாலாவது இடம். ஆனால் அண்ணாச்சியிடம் இதைப் பேசினால் இரண்டே வாக்கியத்தில் பீட்டர் தங்கராஜுக்கு வந்துவிடுவார். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற ராணுவ அணிக்கு ஆட வந்த ஆள், சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்துக் கோல்கீப்பர் ஆனவர், அந்த அணி 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பை எடுத்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் கம்பத்துக்கு நடுவே நின்றவரும் அவர்தான். தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். பயிற்சியாளர் ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய், அடுத்த வருஷம் இறந்துவிட்டார்.

அதே ஆட்டத்தில் ஜர்னைல் சிங் தலையில் தையல் போட்டுக்கொண்டு இறங்கினார். டிஃபென்ஸ் ஆளை முன்னால் தள்ளிவிட்டார் ரஹீம், அவரும் கோல் போட்டார். இந்த இடம் வந்ததும் அண்ணாச்சி ஊசியை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். "தையல் விடல பாத்தியளா?"

இனி போகிறவர்களுக்கு: கூகுள் பே எல்லாம் கிடையாது, சில்லறையாகக் கொண்டுபோங்கள். மத்தியானம் சாத்தியிருக்கும். தைக்காமல் பசையில் ஒட்டிய பந்தைக் கொண்டுபோகாதீர்கள், தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். தைத்த பந்து எங்களிடம் ஐந்து வாரமாக ஆடுகிறது, காற்று இறங்கவில்லை, ஆனால் தூரமாக அடித்தால் வால்வுப் பக்கம் கொஞ்சம் கனத்து ஆடி ஆடிப் போகிறது. கோல்கீப்பருக்குத்தான் கஷ்டம். பூட்ஸை விலைக்குக் கேட்காதீர்கள். நான் கேட்டேன், அன்றைக்கு எனக்கு டீ சொல்லவில்லை.

இன்னொரு பழைய பந்தையும் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.