பல அடுக்கு ஆய்வகக் கையுறை: அசௌகரியம்தான், ஆனாலும் விடமாட்டேன்

கரிம வெள்ளீயச் சேர்மங்களை (கார்பனோடு வெள்ளீயம் பிணைந்த நச்சுப் பொருள்கள்) கையாளும்போது இந்தப் பல அடுக்கு பிளாஸ்டிக் கையுறையைத்தான் அணிகிறேன். விரல் நுனிகள் மடிந்து நிற்பதால் பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் குழாய்) பிடிப்பதே எரிச்சல். மேலே இறுக்கமான நைட்ரைல் கையுறையை மாட்டினால்தான் வேலை ஓடும்.

ஆனாலும் விடமாட்டேன். 1996இல் வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் லேடக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறைமேல் டைமெத்தில் பாதரசம் என்ற கொடிய கரிமப் பாதரசச் சேர்மம் சில துளிகள் விழுந்தது; லேடக்ஸை அது நொடிகளில் ஊடுருவிவிடும். மாதங்கள் கழித்துத்தான் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1997இல் இறந்தார். இந்தப் பாதரசத்தால் உடல் சமநிலையைக் காக்கும் சிறுமூளையின் நரம்பணுக்கள் செத்தால் செத்ததுதான். கரிம வெள்ளீயச் சேர்மங்களில் ஒன்றான டிரைஎத்தில் வெள்ளீயமோ நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறைக்குள் நீர் கோத்து வீங்கச் செய்யும், கால்கள் வலுவிழக்கும்.

ஒரே குறை, அளவு. ‘சிறியது’ என்று அச்சிட்டிருப்பதே என் கையில் தொளதொளக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.