காவடி வெயிலில் இரண்டு கேனன்: 6டி மார்க் 2, 90டி

கேனன் 700டி என்ற தொடக்கநிலைக் கேமராவை வைத்துக்கொண்டு பல வருடம் குப்பை கொட்டியவர்கள் அடுத்த படிக்கு ஏற நினைத்தால் இரண்டு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று 6டி மார்க் 2: 2017-இல் வந்தது, 26.2 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சார். மற்றது 90டி: 2019-இல் வந்தது, 700டி-யில் இருந்த அதே சிறிய சென்சார் அளவுக்குள் 32.5 மெகாபிக்சல். நான் முதலாவதை வாங்கினேன். என் தம்பி இரண்டாவதை வாங்கினான். பெரிய சென்சார் என்றாலே எல்லாவற்றிலும் மேல் என்று எங்கள் வட்டாரத்தில் அடித்துப் பேசுவார்கள். மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில், கோர் தெ கார்த் மலைக் கோயிலின் தைப்பூசக் காவடியில் இரண்டையும் வைத்துப் படம் எடுத்தபின், அந்தப் பேச்சில் பாதியைக் கழித்துவிட வேண்டியிருக்கிறது.

கண்ணை வைத்ததும் மயக்குவது 6டி-யின் வியூஃபைண்டர்தான். 700டி-யின் சின்ன இருட்டுக் கட்டத்தில் பழகியவருக்கு ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும். 90டி-யில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் படத்தில் விழப்போவதை 100 சதவீதமும் காட்டிவிடும். 6டி காட்டுவது 98. மிச்ச 2 சதவீதத்தில்தான் பக்கத்தில் நிற்பவரின் முழங்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 700டி-யில் சக்கரம் ஒன்றுதான் என்பதால் பொத்தானை அழுத்திக்கொண்டே திருகிய தொல்லை இரண்டிலும் ஒழிந்தது. கட்டைவிரலுக்கென்று பின்பக்கம் தனிச் சக்கரம் இருக்கிறது.

செலவுக் கணக்கு லென்ஸில் தொடங்குகிறது. 700டி-க்காக வாங்கிய இஎஃப்-எஸ் வகை லென்ஸ்கள் 6டி-யில் பொருந்தவே பொருந்தா. என் 55-250 மி.மீ. லென்ஸ் அப்படியே தம்பி பைக்குப் போய்விட்டது. அவனுடைய 90டி-யில் அதன் 250 மி.மீ. நெருக்கம், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 400 மி.மீ.க்குச் சமம். மலைப்படி ஏறும் பால்குடத்தை அடிவாரத்தில் நின்றபடியே நெருக்கமாகப் பிடித்துவிடுகிறான். எனக்கு அந்த நெருக்கம் வேண்டுமென்றால் கனமான, விலை கூடிய வேறு லென்ஸ்தான் வழி. கேமரா விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இனி வெயில். மொரீஷியஸ் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. தை மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். காவடியின் வளைவு சுமப்பவரின் முகத்திலேயே நிழலைக் கொட்டும். அதே நேரம் வேட்டியும் சேலையும் கண் கூசும் ரோஜா நிறத்தில் எரியும். அந்த நிறம் கேமராவுக்கு ஒரு கண்ணி. கேமரா திரையில் மொத்த ஒளியைக் காட்டும் வரைபடம் (ஹிஸ்டோகிராம்) ஒழுங்காகத் தோன்றும்; மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் போட்டால் சிவப்பு மட்டும் வலது சுவரில், அதாவது ஒளி மிஞ்சிப்போகும் எல்லையில், முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். துணியின் மடிப்புகள் அழிந்து வெறும் பூச்சு மிஞ்சும். அதைத் தவிர்க்க ஒளியைக் கொஞ்சம் குறைத்து எடுத்து, பிறகு கணினியில் நிழலைத் தூக்கி முகத்தை மீட்க வேண்டும். குறைந்த ஐஎஸ்ஓ-வில், அதாவது ஒளி உணர்திறனைக் குறைத்து வைத்து எடுத்த படத்தில், நிழலைத் தூக்குவதுதான் 6டி மார்க் 2-இன் பலவீனம். வெளியான நாள் முதல் விமர்சகர்கள் சொல்லிவருவது இது. கன்னத்து நிழலில் நிறப்புள்ளிகள் எழும்புகின்றன. 90டி-யின் கோப்பு இங்கே தாராளமாக இடம் கொடுக்கிறது.

இன்னொன்று, ஷட்டர். 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 100-இல் உச்சி வெயிலில் எடுத்தால் ஷட்டர் 1/8000 நொடிதான் திறந்திருக்க வேண்டும். 90டி-யில் அது உண்டு. 6டி 1/4000-இல் நின்றுவிடுகிறது; ஒளி இரு மடங்காகிவிடும். ஒளியைக் குறைக்கும் கருப்பு வடிகட்டியை மாட்டு, இல்லையேல் துளையைச் சுருக்கு.

ஃபோகஸ் புள்ளிகள் இரண்டிலும் 45. ஆனால் 6டி-யில் அவை நடுவில் கும்பலாகக் கூடியிருக்கின்றன. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் முகம் இருக்கும் மேல்பகுதியில் ஒரு புள்ளியும் கிடையாது. நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து பிறகு சாய்க்க வேண்டும். அதற்குள் ஆள் ஓரடி முன்னே வந்திருப்பார். “அண்ணா, பூமாலை நன்றாக விழுந்திருக்கிறது, கண் எங்கே?” என்று தம்பி கேட்டபோது பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவனுடையதில் புள்ளிகள் சட்டத்தின் ஓரம் நோக்கிப் பரவியிருக்கின்றன. நொடிக்கு 10 படம் வேறு. 6டி-யில் 6.5. வீடியோ எடுப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம்: 4கே 90டி-யில் மட்டும்தான்.

பிறகு ஏன் 6டி? விளக்கு வைத்த பிறகு பாருங்கள். சென்சாரின் பரப்பு இரண்டரை மடங்குக்கும் சற்று மேல். ஐஎஸ்ஓ 6400-இல் 90டி எடுத்த படத்தில் பட்டுச் சேலையின் சரிகை கரைந்து மஞ்சள் தீற்றலாகிறது. 6டி-யில் இழை இழையாக நிற்கிறது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாட்டி ஒருவரின் முகத்தை எடுத்தேன். தோலின் பழுப்பு பழுப்பாகவே வந்தது, பின்னால் இருந்த கூட்டம் இதமாகக் கரைந்துபோனது. அதே 50 மி.மீ. லென்ஸ் 90டி-யில் 80 மி.மீ. போலாகிவிடுவதால், கல்யாணக் கூடத்தில் தம்பி பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொள்கிறான்.

நான் எடுப்பது பெரும்பாலும் திருமணமும் மாலைப் பூசையும். அதனால் 6டி-யை விடமாட்டேன். ஊர்வலம், தீமிதி, கால்பந்து, பறவை என்று பகலில் திரிபவரிடம் அதை வாங்கச் சொல்லவும் மாட்டேன். 90டி-யை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கட்டும். 700டி-யின் பழைய பேட்டரிகளை எடுத்து வைக்க வேண்டாம், இரண்டிலும் சேராது. புதியவை இரண்டுக்கும் ஒரே எல்பி-இ6என் பேட்டரிதான். எங்கள் வீட்டில் சார்ஜர் ஒன்றே போதுமாகிவிட்டது.