பன்னிரண்டு குச்சிகளோடு செங்கோட்டைக்கு

ஜூலையில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். தென்காசிக்குப் பக்கத்தில், அம்மா தனியாக இருக்கிற வீடு. போய் இறங்கிய அன்றே அடுக்களையில் கண்ணில் பட்டது, பித்தளைப் பானையும் ஊறுகாய் ஜாடிகளும் புளிப்பானையும் தரையில் வரிசையாக இருந்தது. சுவரலமாரியின் ஆறு தட்டுகளையும் கரையான் தின்றிருந்தது. விரலால் அழுத்தினால் பலகை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அம்மாவுக்கு 74 வயது. உப்பு எடுக்கக் குனிய வேண்டும், புளி எடுக்கக் குனிய வேண்டும். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு மாதமாக இப்படித்தானாம்.

டொராண்டோவில் எங்கள் வீட்டுக் கராஜில் நானே அலமாரி செய்திருக்கிறேன். அங்கே கடையில் அளவைச் சொன்னால் சுவரோடு நிற்கிற பெரிய ரம்பத்தில் வைத்து வெட்டித் தந்துவிடுவார்கள். அதே யோசனையில் பக்கத்து டவுனில் புதிதாக வந்திருக்கிற ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே வெட்டுகிற மிஷின் எல்லாம் இருந்தது. முதல் கேள்வி, "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா மேடம்?" பதில் சொல்லாமல் அளவுச்சீட்டை நீட்டினேன். 32 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஆறு பலகை.

எட்டடி ப்ளைவுட்டில் 32 அங்குலத் துண்டு சரியாக மூன்று வரும் என்று கணக்குப் போட்டார் வெட்டுகிறவர். காகிதத்தில் வரும், மிஷினில் வராது. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் சுமார் மூன்று மில்லிமீட்டர் தின்றுவிடும், இரண்டு வெட்டுக்கு ஆறு. அதைச் சொன்னேன். "அதெல்லாம் தெரியாது மேடம், எங்களுக்கு இதுதான் வேலை" என்றார். மூன்றாவது துண்டு ஐந்து மில்லிமீட்டர் குட்டையாக வந்தது. இரண்டு வரிசையிலும் அப்படியே. மாற்றித் தரச் சொன்னதற்கு, வெட்டிய சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு "செவன் டென்" வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஐ.எஸ். 710 என்கிற தரம் அது; 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. பலகை மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த முத்திரையும் இல்லை. பில்லிலும் வெறும் 'ப்ளை 19' என்றுதான் போட்டிருந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் யாராவது வாங்கினால், வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் முழு ஷீட்டில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வெட்டிய பிறகு முத்திரை எந்தத் துண்டில் போனது என்று வாதாட முடியாது.

சரி, வாங்கியாயிற்று, வைத்துப் பார்ப்போம் என்று மாட்டினால் மேல் தட்டு உள்ளேயே நுழையவில்லை. நடுத்தட்டு ஒரு பக்கம் திட்டில் உட்கார்ந்தது, மறுபக்கம் வழுக்கி விழுந்தது. தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் அது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அகலம் ஒன்றில்லை, ஒரே தட்டிலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நான் அலமாரியின் வாயருகே ஒரே இடத்தில் அளவுநாடா பிடித்து, ஆறுக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அம்மாதான் சொன்னாள், "செங்கோட்டைக்குப் போ. மரம்னா அங்கதான்." எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளத்து மரம் காலங்காலமாக இறங்கிய இடம். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் ஆப்பிரிக்கத் தேக்கும் தென்னமெரிக்கத் தேக்கும் இங்கேதான் லாரி லாரியாக வருகிறது. சாலையின் இரண்டு பக்கமும் மர டிப்போ, அறுவை மில். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஈர மரத்தூள் வாசம்.

நான் போன மில்லில் முதலாளி அறுபது தாண்டிய அண்ணாச்சி. முண்டா பனியன், காதில் சொருகிய பென்சில். அளவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எங்க வைக்கப் போறீங்க தங்கச்சி?"

சொன்னேன்.

"என்னத்த வைப்பீங்க?"

ஜாடி, பானை, அரிசி என்றேன்.

"பழைய காரைச் சுவரா? அப்ப நாடாவ பையில வைங்க. குச்சி கொண்டாங்க."

கழிவாக ஒதுக்கிக் கிடந்த ஒல்லிச் சட்டங்களில் ஒரு கட்டு அள்ளிக் கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. சுவருக்குச் சுவர் இறுகாமல் தொடுகிற மாதிரி குச்சியை நறுக்கி, மேலே எண் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அன்று ராத்திரி நானும் அம்மாவும் உட்கார்ந்து வெட்டினோம். அம்மா டார்ச் பிடித்தாள், நான் கைரம்பத்தில் அறுத்தேன். "1 முன்", "1 பின்", "2 முன்" என்று பென்சிலால் எழுதிப் பழைய சேலைக் கிழிசலில் கட்டி வைத்தோம். குச்சிகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியபோதுதான் தெரிந்தது, மிக நீளமானதுக்கும் மிகக் குட்டையானதுக்கும் முக்கால் அங்குலத்துக்கு மேலே வித்தியாசம்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி பலகை காட்டினார். தேக்கு கேட்டேன், வேண்டாம் என்றார். அடுக்களைத் தட்டுக்கு அவ்வளவு காசு போடாதீங்க, அயினி போதும் என்றார். குமரி மாவட்டத்திலும் மலையாளக் கரையிலும் வள்ளம், அதாவது படகு, செய்கிற மரம். தண்ணீருக்கும் கரையானுக்கும் நின்று பிடிக்கும். அடுக்கில் ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக வைத்திருந்தார்கள். ஒரு வருசம் ஆறின சரக்கு, சாரல் படாத உள்கொட்டகையில். ஒரு பலகையை இழுத்து எச்சில் தொட்ட விரலால் ஓரத்தைத் தேய்த்துக் காட்டினார். உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு, விளிம்பில் வெளுத்த ஒரு பட்டை. "இது வைரம், இது வெளிறு. வெளிறுதான் உளுத்துப் போகும். அத அறுத்துப் போட்டுட்டுத்தான் உங்களுக்கு அளவு போடுவேன்." போட்டார். வெளிறுக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

கணக்கு இப்படி. அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 10 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல கனம், நீளத்தைக் கழிவோடு மூன்றரை அடி என்று போட்டு ஆறு பலகைக்கு 1.82 கன அடி வந்தது. கன அடி 2,000 ரூபாய் சொன்னார், 3,640 ஆயிற்று, இழைப்புக் கூலி தனியாக 300. இந்தக் கணக்கு அறுத்த அளவுக்கு, இழைத்த அளவுக்கு அல்ல. இழைத்த பிறகு கனம் ஒன்றிரண்டு நூல் குறையும்; ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவில் நாம் 'டூ பை ஃபோர்' என்று வாங்குவதும் கைக்கு வரும்போது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான்.

அறுக்கும்போது ஒவ்வொரு குச்சியையும் பலகை மேல் வைத்து, முன்குச்சிக்கு ஒரு கோடு, பின்குச்சிக்கு ஒரு கோடு, இரண்டையும் இணைத்துச் சாய்வாக ஒரு கோடு. அந்தச் சாய்வுக் கோட்டுக்கு வெளியே ரம்பத்தை ஓட்டினார். "ஒரு நூல் கூட விட்டிருக்கேன். வீட்ல ஆசாரி ராவி ஏத்திருவாரு. கூடுனா ராவலாம், குறைஞ்சா என்ன செய்யுதீங்க?" ஒரு நூல் என்றால் சுமார் மூன்று மில்லிமீட்டர். ரம்பம் தின்னும் என்று டவுனில் குளிர்ந்த கடைக்குள் நான் சொன்னதும் அதுதான்.

பணம் கட்ட க்யூஆர் அட்டை இருந்தது. 2023-லிருந்து கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சிலவற்றின் போன் எண்ணோடும் வெளிநாட்டில் இருக்கிற நமக்கான என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் யூ.பி.ஐ. போட முடிகிறது. வங்கியில் எண்ணைப் பதிந்துவிட்டுப் புறப்படுங்கள், கையில் கட்டுக் கட்டாக நோட்டு வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். பலகையின் பின்விளிம்பு சுவரைத் தொடாமல் அரை அங்குலம் விடணும், காற்று போகும், கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். சுவரில் உட்காரும் இரண்டு முனைகளுக்கு மட்டும் முந்திரித் தோட்டு எண்ணெய் பூசணும். கையில் பட்டால் புண்ணாகும், உறை போட்டுக்கொள்ளணும்.

ஆட்டோவில் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு வந்தோம். தெரு ஆசாரி ஒரு மணி நேரம் ராவினார். ஆறும் ஏறிவிட்டது. நாலாவது தட்டு மட்டும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டியதும் உட்கார்ந்தது. அம்மா உப்பு ஜாடியைத் தன் தோள் உயரத் தட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

அந்தக் குச்சிக்கட்டை எறியப் போனேன், விடவில்லை. பரண் மேல் ஏற்றிவிட்டாள். கொல்லைக் கதவின் அடிப்பலகையும் ஈரத்தில் போய்விட்டது, அதை அடுத்த முறை பார்க்கணும் என்றாள். நிலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு குச்சி நறுக்கி, எண் எழுதி, அதே கட்டில் சொருகிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.