பி.டி.டி. பொத்தானும் காலை நேரக் குரல்களும்

மைக்கை மறுபடியும் ரிப்பேர் பார்த்து வாங்கி வந்த அன்றைக்கே, புதிதாக ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுத்த நண்பர் கேட்டார்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே எச்.எஃப். (சிற்றலை) ரேடியோ செட் செகண்ட் ஹேண்டுல விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?"

100 வாட், 13.8 வோல்ட் மாதிரி செட்டின் விவரமெல்லாம் அவருக்கே தெரியும். எனக்கு ஆத்திரம் மைக்கில் இருக்கிற அந்த பி.டி.டி. (புஷ் டு டாக், அதாவது பேசும்போது அழுத்திப் பிடிக்கிற) பொத்தான் மேல்தான். விரலை எடுத்தாலும் மேலே எழும்பாது. செட் பாட்டுக்கு டிரான்ஸ்மிட் செய்துகொண்டே இருக்கும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். இவ்வளவு அருமையான ரிசீவரைச் செய்தவர்களுக்கு ஒழுங்காக ஒரு பொத்தான் வைக்க மனசு வரவில்லை.

இதே மாடல் வைத்திருக்கும் மதுரைப் பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் காலை நெட்டில் (ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரம்) பொத்தான் சிக்கிக்கொண்டது. குக்கர் விசில், பாத்திரச் சத்தம், "ரசத்துக்கு உப்பு போட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல், எல்லாம் எங்களுக்குத் துல்லியமாகக் கேட்கிறது. டிரான்ஸ்மிட்டில் இருப்பவருக்கு நாம் கூப்பிடுவது கேட்காதே! கடைசியில் சேலத்துக்காரர் போன் போட்டார். அந்த போன் மணி அடிப்பதும் காற்றில் வந்தது. பெரியவர் பதறிப்போய் மைக்கைத் தட்டி விடுவித்ததும் சேலத்துக்காரர் சொன்னார்: "ஓ.எம்., மன்னிப்பெல்லாம் அப்புறம். அக்கா மூணு தடவை கேட்டுட்டாங்க, உப்பு போட்டாச்சா? ஓவர்." (ஓ.எம். என்பது 'ஓல்ட் மேன்', ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் விதம்.)

மெனுவில் டைம் அவுட் டைமர் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு வைத்துவிட்டால் டிரான்ஸ்மிட் தானே நின்றுவிடும். வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான். வேறு மைக் மாட்டலாம் என்றால், எட்டு முள் பிளக் பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ரிசீவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மொட்டைமாடியில் 20 மீட்டர் கம்பியில் ஒரு டைபோல் ஆன்டெனா, காலையில் 7 மெகாஹெர்ட்ஸ். மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையில் பக்கத்து மாவட்டங்கள் எல்லாம் அடுத்த அறையில் பேசுவதுபோல் வரும். கால் சைன் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி) சொல்வதற்கு முன்பே இருமலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். இரவானால் அவர்கள் மங்கிப்போய் தூரதேசத்துக் குரல்கள் ஏறிவரும்.

ஒருவர் 59 என்று ரிப்போர்ட் கொடுத்தார். தெளிவுக்கு 5, வலுவுக்கு 9, அதாவது கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம். கொடுத்த கையோடு, "பேரும் ஊரும் திரும்பச் சொல்லுங்க" என்றார்.

"59-ன்னா பேரு கேட்டிருக்கணுமே, ஓ.எம்.?"

"ரேடியோ நல்லாத்தான் கேக்குது தம்பி, எனக்குத்தான் காது கேக்கல."

சுருதி பிசகாமல் அந்தக் குரலை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்தச் செட்தான். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்ன பதில், வாங்காதீங்க. ரிப்பேர் கடைக்கு அலைந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. "அப்போ உங்க செட்டையாவது கொடுத்துடுங்க" என்றார். அது விற்பனைக்கு இல்லை.