ஆங்கிலத் துறையின் சாதனை மலர்: ஒரு நூலகரின் பார்வையில்

அக்கா மகள் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கக் கல்லூரி தேடுகிறாள். விசாரிக்கப் போன ஓர் இடத்தில் துறையின் ஆண்டுச் சாதனை மலரைக் கொடுத்தார்களாம். "சித்தி, நீங்கதான் லைப்ரரியன், பார்த்துச் சொல்லுங்க" என்று என் மேசையில் போட்டுவிட்டாள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

தாளும் அச்சும் நன்றாக இருக்கின்றன. படங்கள்தான் அதிகம். ஆன்லைன் கருத்தரங்கில் உட்கார்ந்து, கடைசியில் ஃபீட்பேக் படிவம் நிரப்பினால் மின்னஞ்சலில் வரும் சான்றிதழ்களையும் சாதனைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

ஆசிரியர்களின் கட்டுரைப் பட்டியலில்தான் எனக்கு வேலை இருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் 'ஐஎஸ்எஸ்என் பெற்ற சர்வதேச இதழ்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஐஎஸ்எஸ்என் என்பது ஓர் இதழை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தரும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6 என்று 2 வரை பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் 11ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். கடைசியில் எக்ஸ் இருந்தால் அது 10. பட்டியலில் ஓர் எண் வகுபடவில்லை. அச்சுப்பிழையாகக்கூட இருக்கலாம், விட்டுவிடுவோம். இன்னோர் இதழைத் தேடிப் பார்த்தால், ஒரே இதழில் பெண்ணிய நாவல், மருந்தியல், கட்டடப் பொறியியல் எல்லாம் வருகின்றன. இப்படிக் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களை அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் பட்டியல் போட்டு வந்தார். 2017 ஜனவரியில் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். இதழ்கள் மட்டும் குறையவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஸ்கோபஸில், அதாவது தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் தரவுத்தளத்தில், உள்ள ஓர் இதழில் ஒரு பேராசிரியர் எழுதிய நூல் மதிப்புரையும் இதே பட்டியலில் இருக்கிறது, கடைசிக்கு முந்தின வரியில், இணையத்தில் தேடி எடுக்க உதவும் டிஓஐ எண்கூட இல்லாமல். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் போட்டிருப்பேன்.

மாணவர் பகுதியில் 'நாடகப் போட்டியில் இரண்டாம் பரிசு' என்று ஒரே வரி. அந்த நாடகத்தைப் பற்றி அதில் நடித்த மாணவி எழுதிய கட்டுரை பின்னால் நான்கு பக்கம் வருகிறது. மலரிலேயே அதுதான் படிக்க வேண்டியது. அவர்கள் போட்டது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட். அது முதலில் 1603இல் ஒரு சிறிய பதிப்பாக வந்தது. 'டு பி ஆர் நாட் டு பி, தட் இஸ் த க்வெஸ்சன்' என்று நமக்குப் பழக்கமான புகழ்பெற்ற தனிமொழி அதில் 'டு பி ஆர் நாட் டு பி, ஐ தேர்ஸ் த பாயின்ட்' என்று போகிறது. ராஜாவின் ஆலோசகர் பொலோனியஸுக்கு அதில் கொராம்பிஸ் என்று பெயர். 1623இல் வந்த ஃபோலியோ என்ற ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில், நாடகம் போட்டு ராஜாவைச் சிக்கவைக்க ஹாம்லெட் திட்டமிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு. 1603 பதிப்பிலோ நடிகர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. இரண்டு வரிசையிலும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். 1603 வரிசையில் குழம்பியவன் பிறகு துணிகிறான். ஃபோலியோ வரிசையில் துணிந்தவன் மறுபடி குழம்புகிறான், அதை நடிப்பதுதான் கஷ்டம் என்கிறாள் அந்தப் பெண். வகுப்பில் யாரோ ஒழுங்காகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த ஆசிரியரின் பெயர் மலரில் எங்கும் இல்லை.

மலருக்கு ஐந்துக்கு இரண்டரை போடுவேன், அதில் இரண்டு அந்த நான்கு பக்கங்களுக்கு. முன்னாள் மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு பக்கமாவது போட்டிருக்கலாம். அக்கா மகளிடம், மறுபடி போய் அந்த நாடகத்தை நடத்திய ஆசிரியர் எம்.ஏ.வுக்கு எந்தத் தாள் எடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.